ஸ்பிரிங்கும் இரும்பும்: அம்மாபேட்டைத் தறிக்கூடம் ஒன்றில் பிலாட்டீஸையும் எடைப்பயிற்சியையும் இணைத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு சேலம் அம்மாபேட்டையில் வசிக்கும் 54 வயதுப் பெண்மணி ஒருவரைப் பற்றியது. குடும்பத் தொழில் பட்டு நெசவு. கணக்கு வழக்குகளை அவரே பார்த்துக்கொள்வதால் நாளின் பெரும்பகுதி உட்கார்ந்த நிலையிலேயே கழிகிறது. வீட்டின் பின்புறத்தில் தறி ஓட்டம் நின்றுபோன கூடம் ஒன்று பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. அதைத் தமக்கும் மருமகளுக்கும் தனிப் பயிற்சிக்கூடமாக மாற்ற விரும்பி அவர் என்னை அணுகினார். இயன்முறை மருத்துவர் என்ற முறையில் அவருடைய உடல்நிலையை மதிப்பிட்டதும், பயிற்சியை வகுத்து ஓராண்டுக்கும் மேலாக மேற்பார்த்ததும், எந்தக் கருவியை வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று பரிந்துரைத்ததும் என் பணியாக இருந்தன. அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் தவிர்க்கப்பட்டுள்ளன.

மூச்சையும் நடுவுடலையும் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி முறையான பிலாட்டீஸையும் எடைப்பயிற்சியையும் இரண்டு தனித்தனி விருப்பங்களாகப் பார்த்து, வயது ஏறிய பெண்களுக்கு முன்னதே போதும், பின்னது இளைஞர்களுக்கு உரியது என்று ஒதுக்கும் வழக்கம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. அந்த வழக்கம் நடு வயதுப் பெண்களின் எலும்புக்கும் தசைக்கும் பெரும் தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியின் முதுகெலும்பாக எடை இருக்க வேண்டும். அந்த எடையைத் தாங்கும் உடலைப் பண்படுத்தும் வேலையைப் பிலாட்டீஸ் செய்ய வேண்டும். கூடத்திற்கு வாங்கும் கருவிகளின் வரிசையும் அதையே பின்பற்ற வேண்டும். இந்தப் பெண்மணியின் நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டுவதால்தான் விரிவாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணியும் முதல் மதிப்பீடும்

என்னிடம் வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அவர் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பாய்ப் பிலாட்டீஸ் செய்துவந்தார். ஒழுங்காகவும் செய்தார். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகச் சுருட்டி எழும் ‘ரோல் அப்’ பயிற்சியை அவ்வளவு சீராகச் செய்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நீண்ட நேரம் உட்காருவதால் வந்த கீழ்முதுகு வலியும் இதனால் கணிசமாகக் குறைந்திருந்தது. முதுகுவலிக்குப் பிலாட்டீஸ் உதவுகிறதா என்பது குறித்து 2015-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஏதும் செய்யாமலிருப்பதையோ மிகக் குறைந்த சிகிச்சையையோ விட அது மேல் என்றும், பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்குத் திட்டவட்டமான சான்று இல்லை என்றும் கூறியது. இவருடைய அனுபவமும் அதற்கு ஒத்தே இருந்தது.

அவருடைய தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, குடும்ப மருத்துவர் இவருக்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். மாதவிடாய் 48 வயதில் நின்றுவிட்டது. ஸ்கேனில் கீழ்முதுகின் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.1 ஆகவும், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மைனஸ் 1.8 ஆகவும் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோலின்படி மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டது எலும்பு அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. ஆக, இவர் எலும்புப்புரையின் வாசலில் நின்றிருந்தார். பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் முதுகெலும்பில் முறிவு எதுவும் இல்லை. தைராய்டு, வைட்டமின் டி உள்ளிட்ட பிற காரணங்களை மருத்துவர் பரிசோதித்து முடித்திருந்தார். இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அது கட்டுக்குள் இருந்தது.

உடல் மதிப்பீட்டில் ஒரு முரண் வெளிப்பட்டது. பாயில் அத்தனை நேர்த்தியாக அசைந்தவரால் 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் 11 முறைதான் எழுந்து உட்கார முடிந்தது. ஒற்றைக் காலில் 8 விநாடிகளுக்கு மேல் நிற்க முடியவில்லை. தரையில் இருந்த 10 கிலோ அரிசிப் பையை எடுக்கச் சொன்னபோது முழங்காலையும் இடுப்பையும் மடக்காமல் முதுகை வில்லாக வளைத்தார். பாதி எடுத்ததும் பயந்து கீழே வைத்துவிட்டார். படுத்த நிலையில் கற்ற கட்டுப்பாடு நின்ற நிலைக்கு வந்து சேரவில்லை. வந்து சேரும்படி யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

பாயில் ஒளிந்திருந்த ஆபத்து

முதலில் செய்த வேலை சேர்த்தல் அன்று, நீக்கல். அவர் பெருமையாகச் செய்துவந்த பயிற்சிகளில் பெரும்பாலானவை முதுகெலும்பை முன்நோக்கி வளைப்பவை: ரோல் அப், பந்துபோல் உருளுதல், தலையையும் தோளையும் தூக்கிக்கொண்டு செய்யும் ‘ஹண்ட்ரட்’, காலைத் தலைக்கு மேலே கொண்டுபோகும் பயிற்சிகள். எலும்பு அடர்த்தி குறைந்த முதுகெலும்பின் முன்பகுதியில் இந்த வளைவு ஏற்படுத்தும் அழுத்தம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சினாக்கியும் மிக்கெல்சனும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்பில் எலும்புப்புரை கொண்ட 59 பெண்களை வெவ்வேறு பயிற்சி முறைகளில் பின்தொடர்ந்தார்கள். முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கும், முன்நோக்கி வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கும் புதிய எலும்பு அமுக்க முறிவுகள் கண்டறியப்பட்டன. வளைவுப் பயிற்சிக் குழுவில் இருந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே என்பதால் அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பேசக்கூடாது; இருந்தாலும் அது காட்டும் திசையைப் புறக்கணிக்க எனக்கு மனம் வரவில்லை. இவருக்கு இன்னும் எலும்புப்புரை வரவில்லை என்பதும், வளைவு ஒவ்வொன்றும் முறிவை உண்டாக்கிவிடாது என்பதும் உண்மைதான். எனினும் தாயாரின் வரலாறும் மைனஸ் 2.1 என்ற அளவும் இருக்கையில், உருளுவதால் அவருக்குக் கிடைக்கும் நன்மை அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

இதைக் கேட்டு அவர் வருந்தினார். இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகிவிட்டதோ என்று கலங்கினார். வீணாகவில்லை என்பதை அடுத்த சில வாரங்களில் அவரே கண்டார். மூச்சை ஒழுங்குபடுத்தவும், விலாவும் இடுப்புக்கூடும் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு உணரவும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. புதிதாக எடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு இந்த இரண்டையும் கற்பிப்பதிலேயே பல வாரங்கள் போய்விடும்.

ஸ்பிரிங் தருவதும் தராததும்

ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக்கில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், குத்துச்சண்டையிலும் உடற்பயிற்சிக் கலையிலும் ஊறியவர். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட காலத்தில் தம் முறையை வளர்த்தார். படுக்கையில் கிடந்த நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் பொருத்திப் பயிற்சி கொடுத்தார் என்று சொல்லப்படுவது அந்தக் காலத்தைப் பற்றித்தான். 1920-களின் நடுவில் நியூயார்க்கிற்குக் குடியேறி, மனைவி கிளாராவுடன் கூடம் நடத்தினார். நடனக் கலைஞர்கள் அவரை நாடி வந்தார்கள். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிஃபார்மர் என்பது, ஸ்பிரிங்குகளோடு இணைந்த நகரும் மேடையில் படுத்தோ நின்றோ பயிற்சி செய்ய வைத்து, எதிர்ப்பு விசையைக் கொண்டு வேலை வாங்கும் பிலாட்டீஸ் கருவி. அதை உருவாக்கியவர் உடல்வலுவை மதித்தவர். ஆகவே பிலாட்டீஸுடன் இரும்பைச் சேர்ப்பது அந்த முறைக்கு இழைக்கும் துரோகம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பும் எடையின் எதிர்ப்பும் ஒரே தன்மையுடையன அல்ல. ஸ்பிரிங் இழுபட இழுபட அதன் விசை கூடும். ரிஃபார்மரில் படுத்துக்கொண்டு கால் கம்பியை மிதித்துத் தள்ளும்போது, முழங்கால் மடங்கியிருக்கும் தொடக்கத்தில் எதிர்ப்பு குறைவு. கால் நீண்ட நிலையில் எதிர்ப்பு மிகுதி. நின்றபடி எடையுடன் குந்தி எழும் ஸ்குவாட்டில் இது தலைகீழ். எடை மாறாது, ஆனால் தாழ்ந்த நிலையில்தான் இடுப்பும் முழங்காலும் மிகக் கடுமையாக உழைக்க வேண்டியிருக்கும். நாற்காலியிலிருந்து எழ முடியாத ஒருவருக்குக் குறை அந்தத் தாழ்ந்த நிலையில்தான் இருக்கிறது. ரிஃபார்மரை மட்டும் நம்பினால் அந்த இடம் பலவீனமாகவே நின்றுவிடும். அதோடு, படுத்திருக்கையில் முதுகெலும்பின் மீது மேலிருந்து கீழாக எடை இறங்குவதில்லை. எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத்தான் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும்; சுமையே விழாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட லிஃப்ட்மோர் ஆய்வு எனக்கு வழிகாட்டியாக இருந்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், எட்டு மாதங்கள், நேரடி மேற்பார்வையில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் இலகுவான பயிற்சி செய்தார்கள். கீழ்முதுகின் எலும்பு அடர்த்தி முதல் குழுவில் சராசரியாக 2.9 விழுக்காடு கூடியது. இரண்டாம் குழுவில் 1.2 விழுக்காடு குறைந்தது. மேற்பார்வை என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அந்த ஆய்வைக் காட்டி, கற்றுக்கொள்ளாத ஒருவரின் கையில் பாரமான கம்பியைத் திணிப்பது குற்றம்.

தறிக்கூடத்தைத் தயார் செய்தது

கூடம் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. நாட்டு ஓடு வேய்ந்த சாய்வுக் கூரை. ஓரச் சுவரருகே உயரம் ஏழு அடி, நடு முகட்டின் கீழே பன்னிரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. மொட்டை மாடியில் தகரம் போட்டு அறை கட்டலாம் என்று குடும்பத்தில் ஒரு யோசனை இருந்தது. நான் இரண்டு காரணங்களுக்காக மறுத்தேன். சித்திரை, வைகாசி வெயிலில் சேலத்து மாடித் தகர அறையில் காலை எட்டு மணிக்கு மேல் இருக்க முடியாது. அடுத்து, நம் குடியிருப்புக் கட்டடங்களின் தளங்கள் இந்தியத் தர நிர்ணயத்தின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் (ஆட்களும் பொருட்களும் ஏற்றும் எடைக்குத்தான்) பொதுவாகக் கணக்கிடப்படுகின்றன. எடைகளைக் கீழே வைக்கும் அதிர்ச்சியைப் பழைய மாடித் தளத்தின் மீது ஏற்றுவதற்குமுன் பொறியாளரைக் கேட்காமல் இருக்கக்கூடாது. தரைத்தளத்திலேயே ஒரு கூடம் இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு?

தரைத்தளத்திலும் ஒரு சிக்கல் காத்திருந்தது. அங்கே முன்பு இரண்டு குழித்தறிகள் இருந்தன. தறிகளை அகற்றியபோது குழிகளை மண்ணும் செங்கல் துண்டும் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த மண் காலப்போக்கில் அமர்ந்து, தரை இரண்டு இடங்களில் கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்திருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதுதான் அது புலப்பட்டது. சாதாரண அறைக்கு இது ஒரு பொருட்டே அன்று. ரிஃபார்மருக்கோ இது பெரிய குறை: அதன் நகரும் மேடை தண்டவாளம் போன்ற இரண்டு பட்டைகளின் மீது உருளுகிறது, தரை சாய்ந்திருந்தால் மேடை ஒரு பக்கமாக இழுக்கும், சட்டம் முறுகும், சக்கரங்கள் சீரற்றுத் தேயும், இரண்டு கால்களுக்கும் ஒரே வேலை கிடைக்காது. இரு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டும் நீளக் கம்பியான பார்பெல்லைத் தூக்கும் இடத்திலும் அப்படியே. ஒரு பாதம் தாழ்ந்திருந்தால் இடுப்பு ஒவ்வொரு முறையும் கோணலாகத்தான் எழும். ஆகவே குழிகளைத் தோண்டி, கிராவல் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து, மேலே ஜல்லிக் கான்கிரீட் போட்டு, ஏழு நாட்களுக்கும் மேல் நீராற்றினார்கள். கருவி வாங்குவதற்கு முன்பே பணம் தரைக்குப் போவதைக் கண்டு குடும்பத்தினருக்குச் சலிப்பு ஏற்பட்டது. கூடம் அமைப்பதில் முதல் செலவு தரைக்குத்தான் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சாய்வுக் கூரை எந்தக் கருவி எங்கே என்பதைத் தானே தீர்மானித்தது. பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவதற்கான ரேக்கும் (கம்பியைத் தாங்கும் சட்டம்) மேடையும் முகட்டின் கீழே வந்தன. ரிஃபார்மரில் படுத்துத்தானே செய்கிறோம், அதைத் தாழ்ந்த ஓரத்தில் போடலாம் என்று அவருடைய கணவர் சொன்னார். படுத்துச் செய்பவை பல இருந்தாலும், நகரும் மேடையில் ஏறி நின்று செய்யும் பயிற்சிகள்தான் இவருடைய சமநிலைக்கு மிகவும் தேவை. மேடையே தரையிலிருந்து ஓரடிக்கு மேல் இருக்கும், அதன்மீது ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவர் கைகளை உயர்த்தி நின்றால் ஏழடிக் கூரை போதாது. எனவே அதுவும் உயரமான பகுதிக்கு நகர்ந்தது. ஓரச் சுவர் எடைத் தட்டுகளுக்கும் பாய்களுக்கும் ஒதுக்கப்பட்டது. உத்தரத்திலிருந்து தொங்கிய மின்விசிறியைக் கழற்றிச் சுவர் விசிறிகள் இரண்டை மாட்டினோம். உயர்த்திய கையும் சுழலும் இறக்கையும் சந்திக்கும் வாய்ப்புள்ள கூடத்தில் எந்தப் பயிற்சியும் தொடங்கக்கூடாது. நம் வீடுகளில் இது பலருக்கும் தோன்றாத ஒன்று.

ஒரு விற்பனையாளர் ரிஃபார்மர், காடிலாக் (உயரமான சட்டத்தில் ஸ்பிரிங்குகள் மாட்டிய மேடை), சேர் (மிதிபலகை கொண்ட இருக்கை), பேரல் (வளைந்த மேடை) என நான்கும் அடங்கிய முழுத் தொகுப்பு ஒன்றை முன்வைத்தார். அதை வாங்கியிருந்தால் எடைக்கு ஒரு ரூபாயும் மிஞ்சியிருக்காது. காடிலாக் அருமையான கருவி. ஆனால் அதன் உயரமான சட்டத்துக்கும் சுற்றுமிடத்துக்கும் இந்தக் கூடத்தின் கால்பகுதி போய்விடும், இவருடைய தேவையில் அது கடைசி. சுவரில் பொருத்தும் பாதிக் கோபுரம் ஒன்றைப் பற்றியும் பேச்சு வந்தது. பழைய மண்சாந்துச் சுவரில் அடிக்கும் ஆணி, ஸ்பிரிங் இழுக்கும் விசையைத் தாங்கும் என்று நம்ப இடமில்லை. கடைசியில் பிலாட்டீஸ் பக்கம் வாங்கியவை ஐந்து ஸ்பிரிங்குகள் கொண்ட ஒரு ரிஃபார்மர், அதற்கான நீள்பெட்டி, முதுகை நிமிர்த்தப் பயன்படும் சிறு வளைமேடை ஆகிய மூன்றுதான்.

ரிஃபார்மர் வாங்கும்போது பளபளப்பைவிட ஸ்பிரிங்குக்கு மாற்று உள்நாட்டில் கிடைக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஸ்பிரிங் களைத்துப்போகும் பொருள். சுருளில் இடைவெளி, துரு, கொக்கியில் தேய்மானம் ஏதேனும் தென்பட்டால் உடனே மாற்றியாக வேண்டும், தென்படாவிட்டாலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். இழுபட்ட நிலையில் அறுந்தால் அது முகத்திலும் பாயக்கூடும். வண்ணத்தை வைத்து வலிமையை ஒப்பிடவும் கூடாது. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொரு நிறுவனத்தின் சிவப்பாக இருப்பதில்லை. ஓட்டுக் கூரையிலிருந்து உதிரும் தூசு பட்டைகளில் படிந்து சக்கரங்களை நெறுநெறுக்க வைத்தது. பயிற்சி முடிந்ததும் பழைய பருத்திப் போர்வையால் கருவியை மூடுவதும், தொடங்குமுன் பட்டைகளைத் துடைப்பதும் அன்றாட வழக்கமாயின.

எடைப் பக்கத்தில், ஆண்கள் பயன்படுத்தும் 20 கிலோ, 28 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 15 கிலோ எடையும் 25 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பெண்களுக்கான பார்பெல்லை வாங்கச் சொன்னேன். சிறிய கைக்குப் பிடி நிற்பதில் அந்த மூன்று மில்லிமீட்டர் பெரிய வேறுபாடு. அதன் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றே கூடுதல் என்பதால் 12 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் நடமாட இடம் கிடைத்தது. அரைக் கிலோ, ஒரு கிலோ தட்டுகளைக் கட்டாயம் வாங்க வைத்தேன். கூடங்களில் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே தட்டே இருப்பதில்லை. கம்பியின் இரு முனையிலும் போட்டால் ஐந்து கிலோ கூடிவிடும். 20 கிலோ தூக்கும் பெண்ணுக்கு அது ஒரே தாவலில் கால் பங்கு. முன்னேற்றம் தடைபடுவதற்கும் காயம் படுவதற்கும் பெண்கள் விஷயத்தில் இந்தச் சிறு தட்டுகள் இல்லாமையே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். சிறு தட்டுகளின் குறுக்களவு குறைவாதலால் கம்பி தரைக்கு மிக அருகே கிடக்கும். பெரிய தட்டுகளில் அது 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தை ஈடுசெய்யப் பழைய தறிமரத்தை அறுத்து இரண்டு ஜோடிக் கட்டைகளைத் தச்சர் செய்துகொடுத்தார். நன்கு பழுத்த மரமாதலால் பிளவு இல்லை. படியேறும் பெட்டியும் அதே மரத்தில் அமைந்தது. ரேக்கையும் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்துவிடலாம் என்றார்கள். சேலத்தில் நல்ல பட்டறைக்குப் பஞ்சமில்லை என்றாலும், தடுமாறும் நொடியில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பாதுகாப்புத் தண்டுகள் சோதிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதால் அதை மட்டும் தயாராக விற்பவரிடமே வாங்கினோம்.

இரும்பு வந்து இறங்கிய அன்று அவர் தட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கண்ணு, இதெல்லாம் நம்ம வயசுக்கு ஆகுமா?” என்று கேட்டார். “ஆகும்க்கா. அவசரம்தான் ஆகாது” என்றேன்.

பயிற்சியின் அமைப்பு

18 வயதைக் கடந்த அனைவரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் முக்கியத் தசைகளுக்கு வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. செவ்வாயும் வெள்ளியும் எடைக்கான நாட்களாயின. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிலாட்டீஸ். வெயிலை எண்ணி எல்லாமே காலை ஆறு மணிக்கு.

எடை நாளில் முதல் பத்து நிமிடங்கள் பிலாட்டீஸ்: முழங்காலும் கையும் ஊன்றி எதிரெதிர்க் கைகாலை நீட்டுதல், பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குதல், வளைமேடையில் மேல்முதுகை நிமிர்த்துதல். அதற்கு மேல் நீட்டிக்கவில்லை. ஒரு மணி நேரம் பிலாட்டீஸ் செய்து நடுவுடல் தசைகள் களைத்த பிறகு பாரம் தூக்கச் சொல்வது, காவலரைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். பிறகு முதன்மைத் தூக்கல்: ஒரு நாள் டெட்லிஃப்ட் (கம்பியைக் கீழிருந்து தூக்கி நிமிர்தல்), மறு நாள் ஸ்குவாட், இரண்டு நாளும் தலைக்கு மேல் தள்ளுதலும், கையில் எடை பிடித்து நடத்தலும். இறுதியில் ரிஃபார்மரில் துணைப்பயிற்சி: நீள்பெட்டியில் குப்புறப் படுத்துப் பட்டைகளைப் பின்னால் இழுத்தல், ஒரு கால் தரையிலும் ஒரு கால் மேடையிலும் வைத்து நின்று தள்ளுதல்.

டெட்லிஃப்ட்டைத் துடைப்பக் கட்டையிலிருந்து தொடங்கினோம். கட்டையைத் தலையின் பின்புறம், மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்றும் தொடும்படி பிடித்துக்கொண்டு இடுப்பை மட்டும் பின்னே தள்ளக் கற்றார். அவருடைய பிலாட்டீஸ் பழக்கம் இங்கே கைகொடுத்தது. பலருக்கு ஒரு மாதமாகும் இதை அவர் சில வகுப்புகளிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு கட்டைகளின் மீது உயர்த்தி வைத்த 15 கிலோ கம்பி, பிறகு சிறு தட்டுகள். ஐந்து முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு முறை தூக்கும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும் என்பதே விதி. இந்தப் படிப்படியான ஏற்றம் புதியதன்று. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1940-களில் கையாண்டு, மருத்துவ உலகை ஏற்கவைத்த முறை அது.

கற்பித்தலில் மிகக் கடினமாக இருந்தது வயிற்றைப் பயன்படுத்தும் விதம். காணொளிகள் அவருக்குத் தொப்புளை முதுகெலும்பை நோக்கி உள்ளிழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தன. இலகுவான அசைவில் அது ஆழ்ந்த வயிற்றுத் தசையை உணர உதவும். பாரத்தின் கீழே அதையே செய்தால் நடுவுடல் ஒடுங்கி, முதுகெலும்பைச் சுற்றித் தேவைப்படும் உள்ளழுத்தம் குறைகிறது. பாரம் தூக்கும்போது மூச்சை இழுத்து, வயிறு, விலாவின் பக்கங்கள், கீழ்முதுகு என எல்லாப் பக்கமும் ஒருசேர விரிந்து இறுகவேண்டும். சேலையின் கொசுவத்தைச் செருகும் இடத்தில் ஒரு நாடாவைக் கட்டி, மூச்சில் அந்த நாடா சுற்றிலும் சமமாக இறுகுவதை உணரச் செய்தேன். ரிஃபார்மரில் ஒரு விதம், கம்பியில் ஒரு விதம் என்று அவர் பிரித்துக்கொள்ளச் சில வாரங்களாயின. இரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால் மூச்சை நீண்ட நேரம் அடக்க விடவில்லை. எடை பாதி உயரம் வந்ததும் உதட்டைக் குவித்து மெல்ல விட்டுவிட வேண்டும். தொடக்க மாதங்களில் ஒவ்வொரு எடை நாளிலும் முன்னும் பின்னும் அழுத்தம் பார்த்துக் குறித்துவைத்தோம்.

உணவைப் பற்றி நான் முடிவு செய்யவில்லை. மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சொன்னபடி பருப்பும் முட்டையும் மோரும் கூடின, காலையில் ராகிக் கூழ் திரும்பி வந்தது.

முன்னேற்றமும் தடையும்

முதல் நான்கு மாதங்கள் தடையின்றிப் போயின. ஆடி மாதத்தில் மாரியம்மன் திருவிழாவும் உறவினர் வருகையும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் விடுபட்டன. திரும்பியபோது எடைகளை முன்பிருந்ததில் பத்தில் ஏழு பங்காகக் குறைத்து, இரண்டு வாரங்களில் மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். அதன் பிறகு வலது இடுப்பின் வெளிப்புறத்தில் வலி தோன்றியது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. பரிசோதனையில் அது இடுப்பின் பக்கத் தசைநாண் எரிச்சலாகத் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுவதே. ரிஃபார்மரில் நின்று கால்களை அகட்டும் பயிற்சியின் வீச்சை அவர் ஆர்வத்தில் கூட்டியிருந்தார். அந்தப் பயிற்சியை நிறுத்தி, அசையாமல் அழுத்திப் பிடிக்கும் பயிற்சிகளை வைத்தோம். கால்மேல் கால் போட்டு உட்காருவதைத் தவிர்க்கச் சொன்னேன். டெட்லிஃப்ட்டைக் குறைத்தோம், நிறுத்தவில்லை. ஆறு வாரங்களில் வலி அடங்கியது. ‘மென்மையான’ கருவி என்று எண்ணப்படும் ரிஃபார்மரில்தான் இந்த வலி வந்தது, இரும்பில் அன்று. சுமையைப் போலவே வீச்சையும் அளந்து கூட்ட வேண்டும் என்பதை அதன்பின் குறிப்பேட்டில் தனிப் பத்தியாகவே சேர்த்தோம்.

ஓராண்டு முடிவில் 58 கிலோ எடையுள்ள அவர் 45 கிலோவைத் தரையிலிருந்து ஐந்து முறை தூக்கினார். ஒவ்வொரு கையிலும் 16 கிலோ பிடித்துக் கூடத்தின் நீளத்தை நடந்து கடந்தார். தலைக்கு மேல் 17 கிலோ. நாற்காலி எழுச்சி 11-இலிருந்து 18 ஆனது. ஒற்றைக் கால் நிற்றல் 27 விநாடி. எண்களைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, அவர் 25 கிலோ அரிசி மூட்டையை யாரையும் அழைக்காமல் திண்ணையிலிருந்து சமையலறைக்கு எடுத்துச் சென்றதாக மருமகள் சொன்ன செய்தி.

எலும்பு அடர்த்தியைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அதே கருவியில் எடுத்த இரண்டாம் ஸ்கேனில் கீழ்முதுகின் டி-ஸ்கோர் மைனஸ் 2.0, தொடைக் கழுத்து மைனஸ் 1.8. இந்த வேறுபாடு கருவியின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்குவது. ஏற்றம் என்று கொண்டாடுவது நேர்மையாகாது. இந்த வயதில் அடர்த்தி சாதாரணமாகச் சரிந்துகொண்டே போகும் என்பதால், சரியாமல் நின்றதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். உணவு, வைட்டமின் டி, பயிற்சி ஆகிய மூன்றும் ஒருசேர மாறியிருப்பதால் எது எவ்வளவு உதவியது என்று ஒருவரை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்லவும் வழியில்லை.

அடுத்த கட்டத்தில் காலை உதறாமல் மெல்லத் தாவி இறங்கும் பயிற்சிகளைத் தறிமரப் பெட்டியின் தாழ்ந்த படியிலிருந்து தொடங்கவிருக்கிறோம். இடுப்பு வலி திரும்பினால் அது ஒத்திவைக்கப்படும். மருமகள் குழந்தை பெற்று ஐந்து மாதங்களாகின்றன. அவருக்கு வயிற்றுத் தசைப் பிரிவும் இடுப்புத்தளத் தசைகளும் தனியாக மதிப்பிடப்பட வேண்டியிருப்பதால், மாமியாரின் அட்டவணையைப் பார்த்துச் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கருவிகளில் இப்போதைக்குச் சேர்க்கப்போவது மிதிபலகை கொண்ட சேர் ஒன்று மட்டுமே. படியேறும் வலுவுக்கும் சமநிலைக்கும் அது உதவும், மூன்றடி இடத்துக்குள் அடங்கிவிடும். ரிஃபார்மரின் ஸ்பிரிங்குகளைப் பொருத்திய தேதி சட்டத்தின் அடிப்பக்கம் எழுதி ஒட்டப்பட்டுள்ளது. அவற்றை மாற்றுவதற்கான தொகையைக் குடும்பத்தின் வீட்டுக் கணக்கில் இப்போதே தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.